எண்ணப்பட்ட ஊரும் எண்ணப்படாத கொட்டாயும்



இன்றைக்கு எடுத்துக்கொண்ட பொருள், தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகையும் அதன் ஊர்களில் உள்ள பொது வசதிகளும். எண்கள் வரும். ஆனால் அந்த எண்களுக்கும், விடியற்காலையில் குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்ணுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஓர் ஊருக்குப் பேருந்து வருமா வராதா, செவிலியர் தங்குவாரா மாட்டாரா, பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுமா பன்னிரண்டு வரை போகுமா என்பதெல்லாம் ஏதோ ஓர் அட்டவணையின் ஏதோ ஒரு கட்டத்தில்தான் முடிவாகிறது. அந்தக் கட்டத்தை நிரப்புவது யார்? எதை வைத்து நிரப்புகிறார்கள்? அந்தக் கட்டத்துக்குள் வராமல் போனவர்கள் யார்? இந்த மூன்று கேள்விகளுக்குத்தான் இந்தப் பேச்சு.

முதலில் ஆள் கணக்கு. 2011ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை 15,06,843. பத்தாண்டுகளில் ஏறத்தாழ 16 சதவீத வளர்ச்சி. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 335 பேர். தமிழ்நாட்டின் சராசரி 555. எழுத்தறிவு 68.54 சதவீதம். அன்றிருந்த 32 மாவட்டங்களில் அதுதான் கடைசி இடம். முதலிடத்தில் இருந்த கன்னியாகுமரியில் 91.75.

இன்னோர் எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதே 2011இல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள். கன்னியாகுமரியில் 82 பேர். தருமபுரியில்? வெறும் 17 பேர். அன்றைக்கு ஒரே ஒரு நகராட்சி, 10 பேரூராட்சிகள், மற்றபடி 251 ஊராட்சிகள். ஆக, தருமபுரியின் பொது வசதியைப் பேசுவதென்றால் கிராமத்தைப் பேச வேண்டும். அதிலும் கிராமத்துக்குள்ளே இருக்கும் கிராமத்தைப் பேச வேண்டும்.

இந்த மண்ணில் கணக்கெடுப்பு புதிதல்ல. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து, தருமபுரியை உள்ளடக்கிய பாரமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும், அவரிடம் உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்தார்கள், விளைச்சலைக் குறித்தார்கள். மன்றோ தருமபுரியிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தார். எதற்காக அத்தனை உழைப்பு? வரிக்காக. யாரிடமிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று தெரிந்துகொள்வதற்காக. சுதந்திர இந்தியா கணக்கெடுப்பின் நோக்கத்தைத் திருப்பிப் போட்டது. யாருக்கு எது போய்ச் சேரவில்லை என்று பார்ப்பதற்கும் எண்ணத் தொடங்கியது. 1951 கணக்கெடுப்போடு மாவட்டந்தோறும் ஒரு கையேடு வெளியிடும் வழக்கம் வந்தது. அன்றைக்குத் தருமபுரி சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. 1965 அக்டோபர் 2 அன்றுதான் தனி மாவட்டமானது. 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்து போனது.

அந்தக் கையேட்டைப் பிரித்துப் பார்த்தவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்? பார்க்க வேண்டிய புத்தகம். ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் ஒரு வரி. பெயர், பரப்பு, குடும்பங்கள், மக்கள்தொகை. அதன் பிறகு வசதிகள் வரிசையாக வருகின்றன: தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், குடிநீர், அஞ்சலகம், பேருந்து, வங்கி, சாலை, மின்சாரம். இருந்தால் இருக்கிறது என்று குறிப்பார்கள். இல்லையென்றால்? அங்கேதான் கவனிக்க வேண்டிய சங்கதி இருக்கிறது. இல்லையென்றால் வெறுமனே விட்டுவிட மாட்டார்கள். அந்த வசதி எவ்வளவு தூரத்தில் கிடைக்கிறது என்று ஓர் எழுத்தைப் போடுவார்கள். 5 கிலோமீட்டருக்குள் என்றால் ஓர் எழுத்து, 5 முதல் 10 வரை என்றால் இன்னோர் எழுத்து, 10க்கு மேல் என்றால் மூன்றாவது எழுத்து. மூன்றே எழுத்தில் ஒரு கிராமத்தின் தலையெழுத்து.

5 கிலோமீட்டருக்குள்! சாலையோரத்தில் இருக்கும் காரிமங்கலத்துக்காரருக்கு 5 கிலோமீட்டர் என்பது டீ ஆறுவதற்குள் போய்ச் சேரும் தூரம். மலை மேல் இருப்பவருக்கு? பிரசவ வலி வந்த பெண்ணுக்கு? பாம்பு கடித்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடும் தகப்பனுக்கு? அவர்களுக்கும் அதே எழுத்துதான். அட்டவணை கிலோமீட்டரைத்தான் அளக்கிறது. ஏற்றத்தை அளக்கவில்லை, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்குப் போய்விடுகிறது என்பதை அளக்கவில்லை, மழைக்காலத்தில் ஓடையைத் தாண்ட முடியுமா என்பதையும் அளக்கவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அந்த ஒரு வரி யாருக்கான வரி?

வருவாய்க் கிராமம் என்பது நிலத்துக்கு வரைந்த எல்லை. மக்கள் குடியிருக்கும் இடம் அதற்குள் பல துண்டுகளாகக் கிடக்கும். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகள், அவற்றுக்குள் 79 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குக்கிராமங்கள் என்பது பல காலமாக அரசு சொல்லிவரும் கணக்கு. சராசரியாக ஓர் ஊராட்சிக்கு ஆறு குக்கிராமங்கள். தாய்க் கிராமத்தில் பள்ளிக்கூடம் இருந்தால் அந்த வரியில் பள்ளி உண்டு என்று விழுந்துவிடும். மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனிக்கும் பள்ளி உண்டு என்றே ஆகிவிடும். எழுதியவர் பொய் எழுதவில்லை. கேட்கப்பட்ட கேள்விக்குச் சரியான விடைதான் எழுதினார். கேள்விதான் ஊரோடு நின்றுவிட்டது, கொட்டாய் வரைக்கும் நடக்கவில்லை.

தருமபுரிக்காரர்களுக்குக் கொட்டாய் என்றால் விளக்கம் வேண்டியதில்லை; மற்றவர்களுக்குச் சொன்னால், நிலத்துக்குள்ளேயே சிதறி நிற்கும் சில வீடுகளின் தொகுப்பு. தஞ்சாவூர்ப் பக்கம் போனால் வயல் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். வீடுகள் தெருத்தெருவாக ஒட்டி நிற்கும். ஒரு குழாயை இழுத்தால் ஐம்பது வீட்டுக்குத் தண்ணீர் போய்விடும். இங்கே அப்படி இல்லை. மானாவாரி நிலம். கிணறு எங்கே ஊறுகிறதோ அங்கே குடும்பம். மாந்தோப்புக்குள் நான்கு வீடு, புளியமரங்களுக்குப் பின்னால் ஆறு வீடு, கரட்டின் சரிவில் பதினைந்து வீடு. பாட்டன் பெயரில் ஒரு கொட்டாய், அண்ணன் தம்பி பாகம் பிரிந்தால் இன்னொரு கொட்டாய். உழைக்கும் நிலத்திலேயே குடியிருப்பதில் ஒரு கௌரவமும் வசதியும் இருக்கிறது. ஆனால் குழாயும் கம்பியும் தார்ச்சாலையும் இந்த மக்களைத் தேடி வர வேண்டுமானால் தலைக்கு ஆகும் செலவு கூடுகிறது. செலவு கூடும் இடத்தில் கோப்பு நின்றுவிடுகிறது.

கோப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் பெரும்பாலான வசதிகளுக்குத் தலைக்கணக்கு வரையறை இருக்கிறது. சமவெளியில் 30 ஆயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். மலைப்பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 20 ஆயிரம் பேருக்கு ஒன்று. துணை சுகாதார நிலையத்துக்கு 5 ஆயிரம் பேர், மலையில் 3 ஆயிரம் பேர். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் சமவெளியில் 500 பேர் வாழும் குடியிருப்பையும், மலை, பழங்குடிப் பகுதிகளில் 250 பேர் வாழும் குடியிருப்பையும் இலக்காக வைத்தது. வரையறை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 180 பேர் வாழும் மலைக் குடியிருப்பு என்ன செய்யும்? இன்னும் எழுபது பேர் பிறக்கும்வரை காத்திருக்குமா? மூவாயிரம் பேரைச் சேர்க்க எத்தனை குன்றுகளை ஒன்றாகக் கூட்ட வேண்டும்? அத்தனை குன்றுகளுக்கும் ஒரே செவிலியர் எப்படி ஏறி இறங்குவார்?

பள்ளிக்கூடத்தில் மட்டும் தமிழ்நாடு வேறொரு வழியைப் பிடித்தது. காமராசர் ஆட்சிக் காலத்தில் பிள்ளை நடந்து போகும் தூரத்துக்குள் பள்ளி என்ற எண்ணம் கொள்கையாயிற்று. கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள் என்கின்றன. தலைக்கணக்கில் தொடங்காமல் நடைக்கணக்கில் தொடங்கிய சிந்தனை அது. சின்ன வகுப்புகளில் பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். மேல் வகுப்புக்குப் போகும்போதுதான் தூரம் மறுபடியும் குறுக்கே வந்து நிற்கிறது. அதில் முதலில் விழுவது பெண்பிள்ளைகள். குழந்தைத் திருமணத்தைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் இந்த மாவட்டத்தின் பெயரும் அடிபடுகிறது. மாலை வகுப்பு முடிந்து வீடு திரும்பப் பேருந்து இல்லாத ஊரில், பதினைந்து வயதுப் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று அந்த வீட்டில் நடக்கும் விவாதத்தை நினைத்துப் பாருங்கள். விழிப்புணர்வுச் சுவரொட்டி அந்த வீட்டுக்குப் போகிறது. பேருந்து போகவில்லையே!

இனி மலைக்குப் போவோம். 2021 சட்டமன்றத் தேர்தலின்போது கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் எப்படிப் போயின? கழுதைகளின் முதுகில் போயின. நாளிதழ்களில் படம் வந்தது. இயந்திரத்தைச் சுமந்த கழுதைகள் முன்னே போக, அலுவலர்கள் பின்னால் கரடுமுரடான பாதையில் ஏறுகிறார்கள். பார்த்தவர்கள் ஜனநாயகத்தின் பெருமை என்று பாராட்டினார்கள். அலுவலர்களின் உழைப்பைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பாதையில் அந்த இயந்திரம் தேர்தலுக்குத் தேர்தல்தான் ஏறியது. அங்கே குடியிருப்பவர் அரிசி மூட்டையோடும், நோயாளியோடும், பரீட்சைக்குப் போகும் பிள்ளையோடும் அதே பாதையில் ஏறி இறங்கியவர். வாக்குச்சாவடி என்ற வசதி மட்டும் வீடு தேடிப் போகும் என்றால், மற்ற வசதிகள் ஏன் போகக்கூடாது?

மாவட்டத்தில் பழங்குடியினர் நூற்றுக்கு நான்கு பேர். மாநிலத்தில் நூற்றுக்கு ஒருவர்தான். சித்தேரி மலையில் ஒரே ஊராட்சிக்குள் எத்தனையோ சிற்றூர்கள்; மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தினையும் சாமையும் விளைவித்து வாழும் இடம். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008இல் வந்தது. அது எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் ஆம்புலன்ஸுக்குச் சாலை வேண்டும். சாலை முடியும் இடத்தில் வண்டி நின்றுவிடும். அதற்கு மேலே, மூங்கில் கழியில் போர்வையையோ சேலையையோ தூளியாகக் கட்டி, முன்னால் இருவர் பின்னால் இருவர் தோள் கொடுத்து நோயாளியைத் தூக்கி வர வேண்டியதுதான். மலைக்காரர்கள் அதை டோலி என்கிறார்கள். டோலியைத் தூக்குவதற்கு நான்கு ஆண்கள் ஊரில் இருக்க வேண்டும். ஆண்கள் வேலைக்கு வெளியூர் போயிருந்தால்?

மலையில் சாலை கேட்டால் வனத்துறை நிலம் என்று பதில் வருகிறது. உண்மைதான், காடு காக்கப்பட வேண்டியதுதான். ஆனால் சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு பதின்மூன்று வசதிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாலை, சமுதாயக் கூடம் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு மிகாத வன நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை. கிராம சபையின் பரிந்துரை! அதாவது, முதல் கையெழுத்து மக்களுடையது. இந்தப் பிரிவை மலை ஊராட்சிகளின் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். தருமபுரியில் வேறெதைப் பேசி என்ன, தண்ணீரைப் பேசாவிட்டால்?

பல காலம் இந்த மாவட்டத்துக் கிராமங்களின் வரியில் குடிநீர் உண்டு என்றே எழுதப்பட்டது. கைபம்பு உண்டு, ஆழ்துளைக் கிணறு உண்டு, தொட்டி உண்டு. எல்லாம் உண்மை. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளையின் வாயைத் திறந்து பாருங்கள். முன்பற்களில் முதலில் சுண்ணாம்பு நிறத்தில் திட்டு, பிறகு மஞ்சள் கோடு, பிறகு பழுப்பு. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பல் ஈறுக்குள் உருவாகும் பருவத்திலேயே படிந்த கறை அது. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வந்தது. பெரியவர்களுக்கு மூட்டு இறுகியது, கழுத்து திரும்பவில்லை, முதுகு வளைந்தது. மாப்பிள்ளை பார்க்கும் பேச்சில்கூடப் பல்லின் நிறம் வந்து உட்கார்ந்தது.

காரணம் பாறை. இங்கே நிலத்தடியில் இருக்கும் கருங்கல் வகைப் பாறைகளில் ஃபுளூரைடு கலந்த கனிமங்கள் உண்டு. பாறை இடுக்கில் தங்கும் நீர் அதைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. மழை குறையக் குறைய, போர் ஆழம் கூடக் கூட, பாறையோடு நெடுங்காலம் கிடந்த தண்ணீர் மேலே வருகிறது. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு இருக்கக்கூடாது என்பது உலக அளவிலும் இந்தியாவிலும் ஏற்கப்பட்ட வரம்பு. தாய்மார்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: காய்ச்சினால் ஃபுளூரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் செறிவு கூடத்தான் செய்யும். கிருமிக்குச் செய்யும் வைத்தியம் இதற்குப் பலிக்காது. தண்ணீரையே மாற்ற வேண்டும்.

அப்படித்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பிறந்தது. மாவட்டத்தின் ஓரத்திலேயே காவிரி பொங்கி விழுகிறது. உள்ளே மக்கள் நஞ்சைக் குடிக்கிறார்கள் என்ற வேதனை பல ஆண்டுகள் கோரிக்கையாக இருந்தது. 2008 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். ஜப்பான் நாட்டுக் கடனுதவி கிடைத்தது. செலவு 1,928 கோடி ரூபாயைத் தாண்டியது. 2013 மே மாதம் முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களிலும் சேர்த்து 3 நகராட்சிகள், 17 பேரூராட்சிகள், 6 ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட ஊரகக் குடியிருப்புகள். கவனியுங்கள், குடியிருப்புகள்! இந்தத் திட்டம் வருவாய்க் கிராமத்தை எண்ணவில்லை. குடியிருப்பை எண்ணியது. அதனால்தான் இவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது. இரண்டு ஆட்சிகளின் கை அதில் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்வோம்.

வேலை முடிந்துவிட்டதா? காலையில் டேங்க் ஆபரேட்டர் வால்வைத் திறக்கிறார். கீழ்த்தெருவில் குழாய் சீறுகிறது. அதே நேரம் மேட்டுக் கொட்டாயில் குழாய் காற்றைத்தான் விடுகிறது. உஸ் என்ற சத்தம், இரண்டு இருமல், பிறகு நூல் போல ஒரு தாரை. குடம் பாதி நிறைவதற்குள் கீழே தொட்டி காலியாகிவிட்டது. காவிரித் தண்ணீர் போதாத நாளில் பழைய போர்த் தண்ணீரைச் சேர்த்து விடுகிறார்கள் என்ற புகாரும் ஊர்களில் கேட்கிறது. குழாய் இணைப்பு இருக்கிறதா என்ற கேள்விக்கு மேட்டுக் கொட்டாயிலும் இருக்கிறது என்றுதான் விடை. எத்தனை குடம் வருகிறது, எந்தத் தண்ணீர் வருகிறது என்று கேட்டால்தான் விடை மாறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்கிறது. ஐந்து பேர் குடும்பத்துக்கு 275 லிட்டர். ஒரு குடம் 15 லிட்டர் என்றால் பதினெட்டுக் குடம். 2011 கணக்கெடுப்பு கிராமத்தில் தண்ணீர் 500 மீட்டருக்குள் கிடைத்தால் 'அருகில்' என்று பதிந்தது. தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று இரண்டு குடமாகத் தூக்கினாலும் ஒன்பது நடை. போக வர ஒரு கிலோமீட்டர் வீதம் ஒன்பது கிலோமீட்டர். அதில் பாதித் தூரம் முப்பது கிலோ சுமையோடு. அரசாங்கக் கணக்கில் அருகில்! அந்த ஆண்டு தமிழ்நாட்டுக் குடும்பங்களில் வீட்டு வளாகத்துக்குள்ளேயே குடிநீர் பெற்றவர்கள் 35 சதவீதம். மற்ற வீடுகளில் நடந்தது யார்? பெண்கள். அவர்களுடைய நடையைக் கூட்டிச் சொல்ல எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லை.

எண்ணிப் பார்த்ததால் நடந்த நன்மையையும் சொல்ல வேண்டும். 2001 கணக்கெடுப்பில் தருமபுரியில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தார்கள். மாநிலச் சராசரி 942. காணாமல் போன அந்தப் பெண் குழந்தைகள் எங்கே என்று அந்த எண் ஊரைப் பார்த்துக் கேட்டது. பெண் சிசுவைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைக்கச் சொல்லி 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது. ஸ்கேன் மையங்கள் மீது கண்காணிப்பு வந்தது, பெண்கள் அமைப்புகள் வீடு வீடாக ஏறி இறங்கின. 2011இல் அந்த எண் 913 ஆனது. போதாது, ஆனால் பத்தாண்டில் ஏறிய ஏற்றம் சிறியதல்ல. எண்ணாமல் விட்டிருந்தால் பெண் சிசுக்கொலை என்ற அந்தக் கொடுமை நான்கு சுவருக்குள்ளேயே இருந்திருக்கும்.

நகரத்தைப் பற்றிச் சுருக்கமாக. தருமபுரி நகராட்சியின் மக்கள்தொகை 2001இல் ஏறத்தாழ 64 ஆயிரம்; 2011இல் 68 ஆயிரத்தைத் தாண்டியது. மாவட்டம் வளர்ந்த வேகத்தில் பாதிகூட நகரம் வளரவில்லையே, ஏன்? நகரம் வளர்ந்தது, எல்லைக்கு வெளியே வளர்ந்தது. இலக்கியம்பட்டி போன்ற ஒட்டியுள்ள ஊராட்சிகளைப் பாருங்கள். மாடி வீடுகள், கடைகள், அலுவலகங்கள். பார்வைக்கு நகரம், நிர்வாகத்துக்குக் கிராமம். மக்கள் 5 ஆயிரத்துக்குக் குறையாமல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்குக் குறையாமல், ஆண் தொழிலாளர்களில் நான்கில் மூன்று பங்கினர் விவசாயம் அல்லாத வேலையில் இருந்தால் கணக்கெடுப்புத் துறை அந்த ஊரை நகரம் என்று எண்ணிக்கொள்ளும். தமிழ்நாட்டில் அப்படிக் கணக்கில் மட்டும் நகரமான ஊர்கள் 2001இல் 111, 2011இல் 376. கணக்கில் நகரமானதால் சாக்கடை வந்துவிடாது, குப்பை வண்டி வந்துவிடாது. நகராட்சியோடு சேர்த்துவிட்டால் வீட்டு வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்று மக்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. வரியை முதலில் ஏற்றிவிட்டு வசதியைப் பிறகு பார்க்கலாம் என்ற பழக்கம் மாறாதவரை எல்லை விரிவாக்கக் கூட்டங்களில் எதிர்ப்புக் குரல்தான் ஒலிக்கும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. பெங்களூரில் கட்டட வேலைக்கும், திருப்பூரில் பனியன் கம்பெனிக்கும் போன தருமபுரி மக்கள். 2011இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை ஆள் கணக்கு எடுத்தார்கள். அந்த நாட்கள் முழுவதும் ஊரில் இல்லாதவர் ஊர்க் கணக்கில் வர மாட்டார்; எங்கே இருக்கிறாரோ அங்கே எண்ணப்படுவார். ஊரில் கதவு பூட்டிக் கிடக்கும், ஊர்த் தொகை குறையும். ஊராட்சிக்கு வரும் நிதியில் பெரும்பங்கு மக்கள்தொகையை வைத்துப் பிரிக்கப்படுவதால் அந்தக் குறைவு குழாயிலும் தெருவிளக்கிலும் தெரியும். தாத்தா பாட்டியோடு விட்டுப்போன பிள்ளைகளுக்குப் பள்ளியும் மருத்துவமனையும் இங்கேதானே வேண்டும்?

இவ்வளவும் 2011 கணக்கு. 2021இல் வந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. 2027 மார்ச் 1ஆம் நாளைக் குறிப்பு நாளாக வைத்து அடுத்த கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன்பாக 2026 ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையே வீடுகளின் பட்டியல் எடுக்கும் கட்டம். சாதியும் கேட்கப்படும். கைப்பேசியிலேயே பதிவு. பதினைந்து, பதினாறு ஆண்டுப் பழைய எண்ணை வைத்து ரேஷனும் நிதியும் பிரிக்கப்பட்டு வந்த காலம் அத்தோடு முடிய வேண்டும்.

அதற்கு நாம் என்ன செய்வது? ஒவ்வோர் ஊராட்சியிலும் கொட்டாய்களின் பட்டியல் ஒன்றை மக்களே எழுதலாம். பெரிய வேலை இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம், கல்லூரி மாணவர் இருவர், வழி தெரிந்த ஒரு பெரியவர் போதும். கொட்டாயின் பெயர், வீடுகள், ஆட்கள். தார்ச்சாலை எங்கே முடிகிறது, மழையில் எத்தனை நாள் வழி அடைபடுகிறது. குழாயில் எத்தனை குடம், தொட்டியில் கலப்பது எந்தத் தண்ணீர். செவிலியர் கடைசியாக வந்த நாள். எட்டாம் வகுப்புக்குப் பிறகு எந்தப் பிள்ளை எங்கே படிக்கிறது. கிலோமீட்டரோடு நடக்கும் நேரத்தையும் எழுதுங்கள். மூட்டையோடு நடக்கும் நேரத்தையும் எழுதுங்கள். வெளியூர் போனவர்களின் பெயரைத் தனியாக எழுதுங்கள்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்றைக்காவது ஒகேனக்கல் தண்ணீர் எந்தக் கொட்டாய்க்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்ற பட்டியலைச் சபையில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஊர்க்குழாய்த் தண்ணீரின் பரிசோதனை முடிவில் ஃபுளூரைடு எவ்வளவு என்று கேளுங்கள். மலை ஊராட்சியில் இருப்பவர்கள், வன உரிமைச் சட்டத்தின் மூன்றாவது பிரிவைக் குறிப்பிட்டு, சாலைக்கும் பள்ளிக்கும் பரிந்துரைத் தீர்மானம் போடுங்கள். தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி முடிக்கும்வரை எழுந்து போகாதீர்கள். நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கணக்கெடுப்பாளர் பெரும்பாலும் நம் ஊர் ஆசிரியராகவே இருப்பார். அவருடைய வரைபடத்தில் உங்கள் கொட்டாய் விழுந்திருக்கிறதா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். விழவில்லையென்றால் அவரைக் கூட்டிக்கொண்டு நடந்து போய்க் காட்டுங்கள். வெயிலுக்கு முன்பே கிளம்பினால் மேட்டுக் கொட்டாய்க்கும் ஓடைக்கு அப்பால் இருக்கும் காலனிக்கும் ஒரே காலையில் போய் வந்துவிடலாம்.